மண்ணுக்கு ஒரு ஞானஸ்நானம்

— கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கக்கா. பிள்ளைக்கு மூச்சு முட்டிடும்.

— முட்டாதுங்க.

— இல்லக்கா, பூனோவுல வண்டி ஏறினதுலேர்ந்து பாக்கறேன். ஒரு தடவைகூட மூட்டையைப் பிரிச்சு முகத்தைப் பாக்கலையே நீங்க. பால் குடுக்க வேணாமா? கூச்சமா இருந்தா அய்யாவை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்றேன்.

— நான் எதுக்கு சிஸ்டர் திரும்பணும்? அதுல பிள்ளை இல்ல. மண்ணு.

— மண்ணா?

— எங்க ஊர் மண்ணு. பசிலியா, நீ சும்மா இரு, நான் சொல்லிக்கிறேன். கேளுங்க சிஸ்டர். ஒரு பாதிரியாரைத் தேடி பொலிவியாவுலேர்ந்து இந்தப் பெரு நாடு வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட திரும்பிப் போறோம். உங்க கழுத்துல சிலுவை தொங்குது, பையில தீர்த்த பாட்டில் தெரியுது. எங்க பக்கத்துல உங்களைக் கொண்டாந்து உக்கார வெச்சது யாரு? டிரைவரா?

— நான் சிஸ்டர் இல்லீங்கய்யா. அரெகிப்பாவுல டீச்சரா இருந்தேன். தொண்டு செய்யறதுக்குன்னு ஒரு வருஷம், பொலிவியாவுல ஒரு கோயிலுக்குப் போறேன். மாரிசெல்னே கூப்பிடுங்க.

— அது மரியாதையா இருக்காது, சிஸ்டர்.

— சரி, உங்க இஷ்டம். இன்னைக்கு யாரும் என்னை விடறதா இல்ல. இலாவேயில ஏறின பாலாடைக்கட்டிக்கார அம்மா முழங்காலைக் காட்டி ஜெபம் பண்ணச் சொன்னாங்க. ஜூலிங்கற ஊர்ல வண்டி நின்னப்போ ஒருத்தர் ஓடி வந்து, புது லாரி வாங்கியிருக்கேன், தீர்த்தம் தெளிச்சுட்டுப் போங்கன்னாரு.

— தெளிச்சீங்களா?

— தெளிச்சேன்.

— லாரிக்குத் தெளிக்கலாம்னா மண்ணுக்கும் தெளிக்கலாம்.

— லாரிக்குப் பண்ணினது ஆசீர்வாதம். அய்யா வேற என்னமோ கேக்கறீங்க போலிருக்கே.

— ஞானஸ்நானம் கேக்கறேன். கொஞ்சம் கோக்கா இலை மெல்லுங்க, கேட்டுக்கிட்டே மெல்லுங்க. வண்டி நகரப் போறதில்ல. எல்லைப் பாலத்துக்கு அந்தாண்ட எங்க ஆளுங்களே மறியல் போட்டு உக்காந்திருக்காங்க. சாயங்காலம்தான் வழி விடுவாங்களாம்.

— மண்ணுக்கு எப்படிங்கய்யா ஞானஸ்நானம்?

— மண்ணுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு. கேளுங்க. இந்த வருஷம் எங்க ஊருக்கு வயக்காவல் நான். காவல்னா திருடனுக்கு இல்ல, ஆலங்கட்டிக்கு. மேகம் கறுத்துச்சுன்னா மலை ஏறி நின்னு கொம்பு ஊதணும், வேட்டு விடணும், அப்பால போன்னு அதட்டணும். அதட்டியும் பாத்தேன், கெஞ்சியும் பாத்தேன். உருளைக்கிழங்கு பூத்து நிக்கிற நேரம் பாத்து வந்து, ஒரு செடி விடாம அடிச்சுப் போட்டுருச்சு. போன வருஷமும் இதே கூத்துதான், காவக்காரன்தான் வேற. சேந்தாப்புல ரெண்டு வருஷம் அடிச்சா எங்க ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

— தெரியும். பயிற்சியில சொல்லியிருக்காங்க. ஞானஸ்நானம் குடுக்காம ரகசியமா பொதைச்ச பிள்ளை எங்கயோ கெடந்து அழுவுது, அதான் ஆலங்கட்டின்னு நம்புறாங்கன்னு.

— நம்புறது என்ன, அப்படித்தான். பேரில்லாத பிள்ளைக்கு மேலயும் எடமில்ல, கீழயும் எடமில்ல. அது எங்கதான் போயி அழும்? எவளோ ஒருத்தி பொதைச்சிருக்கா. அவ யாருன்னு கண்டுபிடிக்கிறதும் காவக்காரன் வேலைதான்.

— கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாங்க?

— நாளைக்கு ஊர்க்கூட்டம். ஊரு முன்னாடி நிறுத்தி சாட்டையால அடிப்பாங்க. நெலத்தைப் புடுங்கிக்கிட்டு ஊர் எல்லைக்கு வெளிய விட்டுருவாங்க.

— யாருன்னு முடிவு பண்ணிட்டாங்களா?

— என்னைத்தாங்க சொல்றாங்க.

— நீ பேசாதேன்னு சொன்னேன்ல பசிலியா? இவ என் தம்பி பொண்டாட்டி, சிஸ்டர். தம்பி போயி ரெண்டு வருஷம் ஆவுது. லாரி கவுந்து போயிட்டான். கேக்கறதுக்கு ஆம்பளை இல்லாத வீடு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

— அதுக்காக, எதுவுமே இல்லாம அக்கா மேல எப்படிப் பழி போடுவாங்க?

— இருக்குங்கறாங்களே. தம்பியைப் பொதைச்ச கையோட கதவைச் சாத்திக்கிட்டாளாம். எட்டாம் நாள் செத்தவன் துணியைத் துவைக்கிற சடங்குக்குக்கூட ஆத்துக்கு வரலையாம். எப்படி வருவா? புருஷன் போன ஏக்கத்துல காய்ச்சல் வந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தா. நான்தான் வாசல்ல கஞ்சி வெச்சுட்டு வருவேன். எனக்குத் தெரியாதது ஊருக்குத் தெரிஞ்சுருச்சாம்.

— நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க, மாமா.

— அதை இப்ப எதுக்குச் சொல்ற. சிஸ்டர், நாளைக்குக் கூட்டத்தை வெச்சுக்கிட்டு இவளைத் தனியா விட்டுட்டு வர மனசில்லாமத்தான் கூடவே கூட்டிட்டு அலையறேன்.

— அப்போ இந்த மண்ணை எங்கேர்ந்து எடுத்தீங்க?

— அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். என் சொந்த வயல் வரப்புல ரெண்டு கை அள்ளினேன். அதுல பிள்ளையும் இல்ல, எலும்பும் இல்ல. நாளைக்குக் கூட்டத்துல எந்திரிச்சு நான் சொல்லப் போறேன்: பொதைச்ச எடத்தைக் கண்டுபிடிச்சுட்டேன், தாய் யாருன்னு தெரியல, அக்கரைக்குக் கொண்டுபோயி ஞானஸ்நானம் குடுத்து ஞானத்தாயும் தேடி வெச்சுட்டேன்னு. பிள்ளை அடங்கிருச்சுன்னா தாயைத் தேடக் கூடாது. அது எங்க பாட்டன் காலத்து வழக்கம், எவனும் மீற மாட்டான்.

— நீங்க சொன்னா நம்பிடுவாங்களா?

— கோக்கா இலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணுவேன்.

— பொய்ச் சத்தியமா?

— பொய்ச் சத்தியந்தான். அதுக்கு என்ன வருதோ அது எனக்கு வரட்டும்.

— அய்யா, கோவிச்சுக்காதீங்க. என்னால முடியாது. பாருங்க, நெசமாவே செத்த பிள்ளையா இருந்தாக்கூட ஞானஸ்நானம் கிடையாது, கடவுள் கையில ஒப்படைச்சு ஜெபம் பண்றதோட சரி. இது பிள்ளையே இல்ல. நான் எத்தனையோ விஷயத்துல சந்தேகப்படறவ. அந்தத் தண்ணியையும் அந்த வார்த்தையையும் மட்டும்தான் சந்தேகப்பட்டதில்ல. அதைப் போயி நாடகமா ஆக்கச் சொல்றீங்களே.

— பாதிரியாரும் இதையேதான் சொன்னாரு. நல்ல மனுஷன். காப்பி குடுத்து அனுப்பிட்டாரு.

— வேற ஒண்ணு பண்றேன். உங்களோட ஊருக்கு வர்றேன். கூட்டத்துல நின்னு, அக்கா மேல ஒரு தப்பும் இல்ல, ஆலங்கட்டி தானா வர்றதுன்னு நானே சொல்றேன்.

— சொல்லுவீங்க. நல்லாவே சொல்லுவீங்க. சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிருவீங்க. அடுத்த தடவை வானம் கறுக்கிறப்போ இவ தனியா நிப்பா.

— மாமா, விட்டுருங்க. அவங்களை எதுக்குக் கட்டாயப்படுத்தறீங்க? அடிச்சா அடிச்சுட்டுப் போறாங்க.

— கட்டாயப்படுத்தல தாயி, கெஞ்சறேன். ரெண்டும் வேற. சிஸ்டர், அந்தச் சாட்டையை யாரு எடுக்கணும்னு இவ உங்ககிட்ட சொல்ல மாட்டா. காவக்காரன்தான் எடுக்கணும். நான்.

— நீங்களா?

— என் கைதான். என் தம்பி இவளைக் கைபிடிச்சுக் கூட்டி வந்தப்போ நெல்லு தூவற மாதிரி கினுவா தூவி வரவேத்த கை. எடுக்க மாட்டேன்னா என்னையும் சேத்து வெளிய விடுவாங்க, சாட்டை வேற எவன் கைக்காவது போயிரும். அவன் எப்படி அடிப்பான்னு எனக்குத் தெரியும்.

— கூரையில என்ன சத்தம்?

— அதேதான் சிஸ்டர். பொடி ஆலங்கட்டி. பயறு மாதிரி விழுது. பெருசு இல்ல.

— அக்கா, ஏன் மூட்டையைப் போட்டு அணைச்சுக்கறீங்க? வண்டிக்குள்ள அது நனையாதே.

— ஆமாங்க. நனையாது.

— அய்யா, இங்க பாருங்க. ஞானஸ்நானம் நான் குடுக்கல. அந்த லாரிக்குப் பண்ணின மாதிரி இந்த மண்ணுக்கு ஆசீர்வாதம் பண்றேன். விதைக்கிறதுக்கு முன்னாடி மண்ணை மந்திரிக்கிறது எல்லா ஊர்லயும் உண்டு. என்னோட வெள்ளைத் துண்டுல முடிஞ்சு தர்றேன். ஊர்ல போயி அதை என்னன்னு சொல்லிக்கறீங்களோ, அது உங்க பாடு. இதுக்கே எனக்கு எப்படித் தூக்கம் வரப் போகுதோ தெரியல.

— நீங்க நல்லா இருக்கணும் சிஸ்டர். ஆனா அதோட முடியாது. பேரு வேணும். பிள்ளைக்கு என்ன பேரு வெச்சேன்னுதான் மொதக் கேள்வியே கேப்பாங்க. பேரில்லாம எது அடங்கும்?

— இல்லாத பிள்ளைக்கு எப்படிங்கய்யா பேரு வெக்கிறது?

— எதையாவது வெய்ங்க. இன்னைக்கு எந்தப் புனிதரோட நாளோ, அந்தப் பேரு. இல்லாத பிள்ளைக்கு எந்தப் பேரா இருந்தா என்ன?

— செவரினோ.

— நீ எதுக்குச் சொல்ற பசிலியா? ஞானத்தாய்தானே சொல்லணும். அதுவும் போயும் போயும் என் தம்பி பேரையா? வரப்பு மண்ணுக்குப் போயி செத்தவன் பேரை வெப்பாங்களா?

— ஆம்பளைப் பிள்ளைக்கு அப்பன் பேருதானே மாமா வெப்பாங்க.

— எந்தப் பிள்ளைக்கு?

— அய்யா, கொஞ்சம் பொறுங்க. அக்கா... என்னக்கா? அழாதீங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

— அந்தத் தண்ணியை இங்க ஊத்திராதீங்க சிஸ்டர். கூட வாங்க, எங்க வீட்டு அடுப்புக்குப் பின்னாடி ஊத்தணும். மண்ணுதான் மாமா பொய். பிள்ளை நெசம்.