பக்கத்துப் படுக்கைக்காரி

மத்தியானம் இரண்டு மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகும் ரோடு... ஈ காக்கை இல்லை. சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி ஷிப்டு மட்டும்தான் என்று யார் சொன்னது? நடந்தது என் சிநேகிதனின் அத்தைக்கு.

அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பழம், ஜூஸ் எதுவும் கூடாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்தால் கை கால் தளரும், இதயமே நின்றுவிடும். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரி கேட்கவில்லை. ஒளித்து ஒளித்து ஆரஞ்சு தின்றாள்... போன மாதம் போய்ச் சேர்ந்தாள். அத்தை ஒரு சுளை தொட்டதில்லை. வாய் மட்டும்தான் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு டயாலிசிஸுக்கு நடந்து போகிறார். பாதி வழியில் கால் மண்மூட்டையாகக் கனத்தது. நெஞ்சில் ஓர் அடி... நீண்ட இடைவெளி... இன்னோர் அடி. குப்பென்று ஆரஞ்சு வாசனை.

ரோட்டோரக் கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் உரித்த பழம், விரலெல்லாம் சாறு.

"உக்காருக்கா. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

 அத்தை விடவில்லை.

"நீ தின்னே, நீ போனே. நான் ஏன்டி உன்கூட வரணும்? தள்ளு!"

அவள் குனிந்து அத்தையின் கணுக்காலைப் பிடித்தாள். சில்லென்று... பிசுபிசுவென்று.

அத்தை விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார்.

"நல்லாப் புடிச்சுக்கோடி! உன்னையும் சேத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன்!"

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பார்த்துவிட்டு ஓடி வந்தார். ஈ.சி.ஜி.யைப் பார்த்த டாக்டர் பதறிப்போய் ஊசி போட்டு, உடனே டயாலிசிஸ் மெஷினில் இணைத்தார். அத்தை பிழைத்துக்கொண்டார்.

விசாரித்தால் உப்பு! மாமியாருக்கு நல்லது என்று மருமகள் சோடியம் குறைத்த உப்பு வாங்கிச் சமைத்திருக்கிறாள். "அதுல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம்தாம்மா இருக்கும்" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை இப்போதும் அதே ரோட்டில்தான் போகிறார். "அவளுக்குப் பயந்து டாக்சிக்குக் காசு அழுவேனா?" என்பார்.

சரி, எல்லாம் உப்பு செய்த வேலை, மயக்கத்தில் ஏதோ தெரிந்திருக்கிறது... நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அத்தையின் காலைத் துடைக்கப் போர்வையை விலக்கிய நர்ஸ், வீல் என்று கத்தியிருக்கிறாள். கணுக்காலைச் சுற்றி எறும்பு. கலைந்து ஓடவில்லை... வரிசை வரிசையாக மொய்த்திருந்தன.

நான்கு வரிசை நீளம். ஒன்று மட்டும் குட்டை.