சார் கேட்ட ஸ்டாப்வாட்ச்

மவுஸை விடுங்க சார். நான்தான் செஞ்சு தரேன்னு சொல்லிட்டேன்ல? ஒண்ணு நீங்க செய்யுங்க, இல்ல நான் செய்யறேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா ஸ்கிரீன்ல இருக்கற இந்த ஸ்டாப்வாட்ச் ஃபார்ம் குட்டிச்சுவராப் போயிடும்.

ஆங், உக்காருங்க. இங்க பெரிய எழுத்துல ஒரு லேபிள். அதுலதான் நேரம் ஓடும். கீழ ரெண்டு பட்டன், ஒண்ணு ஆரம்பி, இன்னொண்ணு நிறுத்து. என்னது, கலரா? பச்சை போட்டுக்கலாம். சீட்டை விட்டு எந்திரிச்சவங்களுக்கு நேரம் பிடிக்கிற மெஷினுக்கு அழகு ஒண்ணுதான் குறைச்சல்!

கோபமா? எனக்கென்ன சார் கோபம். நான் இங்க பில் போடறவ, ஏதோ இந்த டேட்டாபேஸ் கொஞ்சம் தெரியும். சம்பளம் வாங்கறேன், சொன்னதைச் செய்யறேன். எனக்கு நானே குழி வெட்டிக்கச் சொன்னாலும் மண்வெட்டி எங்கன்னுதான் கேப்பேன்.

எல்லாருக்கும்தானா? யார் காதுல பூ சுத்துறீங்க? நம்ம ஸ்டோர்காரர் டீ குடிக்கப் போனா டம்ளர் காய்ஞ்சப்புறம்தான் வர்றாரு. அக்கவுண்டன்ட் அம்மா போனைத் தூக்கிக்கிட்டு மாடிப்படிக்குப் போனா பேட்டரி தீர்ந்தாத்தான் இறங்கும். அவங்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? மேனேஜரான முதல் வாரமே, மத்தியானம் நான் செருப்பை மாட்டறப்போ சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தீங்களே. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அப்பவே புரிஞ்சுபோச்சு எனக்கு.

சரி, பாருங்க. இது டைமர் இன்டர்வல். பூஜ்யமா இருந்தா ஓடாது. இதுக்கு மில்லிசெகண்டு கணக்கு, ஆயிரம்னு போட்டா செகண்டுக்கு ஒரு தடவை ஃபார்மைத் தட்டி எழுப்பும். ஆரம்பின்னா ஆயிரம், நிறுத்துன்னா பூஜ்யம். அவ்வளவுதான் சூட்சுமம்.

இதென்ன, நீங்க எழுதி வெச்சதா? ஒவ்வொரு தட்டுக்கும் ஒண்ணு ஒண்ணாக் கூட்டியிருக்கீங்க. தப்பு சார். பில் அடிக்கிறப்போ இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டும், தட்டறதுல பாதி விட்டுப்போயிடும். நான் வெளிய இருந்த நேரம் கம்மியாத்தான் காட்டும். எனக்கு லாபம்தான், வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். வேணாம். ஆரம்பிச்ச நேரத்தை எடுத்து வெச்சுக்கிட்டு, இப்ப மணி என்னவோ அதுல இருந்து கழிக்கச் சொல்லியிருக்கேன். இனிமே எதுக்கு மூச்சு முட்டினாலும் கணக்கு தப்பாது. நான் போயிட்டு வர்ற நேரம் முழுசா விழட்டும். நான் ஒண்ணும் ஒளிச்சு மறைச்சுப் போகல.

லேட்டானா அந்தப் பச்சை எழுத்து செவப்பாகணும்னீங்க, ஆகும். திரும்பத் திரும்பச் செவப்பானா என்னை வீட்டுக்கு அனுப்பிடலாம்னு முதலாளிகிட்ட சொன்னீங்களாமே? அவரோட டிரைவர் சொன்னாரு. பொய்யா? அப்ப ஏன் தரையைப் பாக்கறீங்க?

அந்தக் கதவைச் சாத்துங்க தம்பி.

ஆமா, தம்பின்னுதான் சொன்னேன். இங்க சார்னுதான் கூப்பிடணும்னு நீங்க சொன்னதுல இருந்து நான் தவறினதே இல்ல. உங்க அண்ணன் பொண்டாட்டி உங்ககிட்டயே பில் போடறான்னு வெளிய தெரிஞ்சா உங்க கௌரவம் என்ன ஆகறது! சரின்னு விட்டுட்டேன். ஆனா வயிறு எரியுது தம்பி. எவ்வளவு நேரம் போறேன்னு மெஷின் வைக்கறீங்க, எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேட்கலையே நீங்க.

வேற எங்க? வீட்டுக்குத்தான். இந்தப் பின்தெருதான், உங்களுக்குத்தான் வழி மறந்துபோச்சு. உங்க அண்ணன் கட்டட வேலையில சாரத்துல இருந்து விழுந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சுப் பழப் பையை வெச்சுட்டுப் போனீங்க, அதோட சரி. இடுப்புக்குக் கீழ உணர்வே இல்ல. மத்தியானம் ஒரு தடவை புரட்டிப் போடலைன்னா முதுகெல்லாம் புண்ணாயிடும். துணி மாத்தணும், நாலு வாய் ஊட்டணும். உங்க குடும்பத்து உடம்பு, நல்ல கனம். தனியா இழுத்துப் புரட்டறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. அதான் இவ்வளவு நேரம் ஆகுது.

இதோ, ஆரம்பியை அமுக்கிட்டேன். ஓடுது பாருங்க. நான் கிளம்பறேன்.

நீங்களும் வேணா வாங்க. நீங்க தோளைப் பிடிங்க, நான் காலைப் பிடிச்சுக்கறேன். ரெண்டு பேர் பிடிச்சா பாதி நேரம்கூட ஆகாது.