சத்தம் குடுத்தது யாரு

இல்ல மிஸ், நீங்களே ஊத்திக்குங்க. ஃபிளாஸ்க்கு மூடிய தொறக்க ரெண்டு கையி வேணும், நமக்கு இப்போதைக்கு ஒண்ணுதான் ஓடுது. சிரிக்கலாம், பரவால்ல. கையில இந்தத் துணிக்கட்ட பாத்துட்டு வர்றவங்க எல்லாம் சாவு வீட்டுக்கு வந்தமாரி மொகத்த வச்சிக்கிறாங்க. வெரலு ரெண்டுதான் போச்சு. வாயி அப்படியேதான் இருக்கு. அதான் எம் பொண்டாட்டி புவனேஸுக்கு வருத்தம்.

மறக்கல மிஸ், மறக்கல. கொழுந்து வெட்டற மெஷின் கயித்த இளுக்கறதுக்கு முன்னாடி நான் சத்தம் குடுத்தனா இல்லியா. அதான கேள்வி? அதுக்குத்தான கோலாலம்பூர்லருந்து இந்தப் பனியில காடி ஏறி விசாரிக்க வந்திருக்கீங்க. நான் குடுக்கலன்னு சொன்னா மெஷின்ல என் ஜோடி புனிதன் மேல தப்பு. அவனுக்கு வேல போச்சு. வேல போச்சுன்னா கம்பெனி குடுத்த லயத்து வீடும் போச்சு. ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கான். அன்னிலருந்து கதவ தொறக்க மாட்டேங்கறான். லெம்பா பெர்த்தாம் ஊருல மச்சானோட காய்கறித் தோட்டத்துக்கு முட்டக்கோஸ் தூக்கப் போறான்னு பேச்சு.

சொல்றேன் லா. ஆனா மெஷின் புடிக்கக் கத்துக்குடுக்கற அந்த வீடியோ கதைய சொல்லாம இத சொல்ல முடியாது. தினேஸ்வரன் ஆபீசுல ஒங்களுக்குப் போட்டுக் காட்டியிருப்பானே? ம்ம். நல்லாருந்துச்சா? த்தூ. ஐயோ, ஒங்கள இல்ல மிஸ். நெனச்சாலே வாயில கசப்பு ஊறுது.

தினேஸ்வரன் யாருன்னு தெரியும்ல? டிரெய்னிங் ஆபீசர். போன வருசம் வந்தான். நல்ல பிள்ள, கெட்டவன்னு சொல்லமாட்டேன். வெள்ள சப்பாத்து போட்டுக்கிட்டு மலையேறுவான். மண்ணு ஒட்டுச்சுன்னா அங்கயே நின்னு டிஷ்ஷுவால தொடப்பான். தொடச்சு முடிக்கறதுக்குள்ள நாங்க அடுத்த தேயில நெரைக்குப் போயிடுவோம். அவன் பேசறது எப்படி தெரியுமா? அங்கள், இதெல்லாம் ஓட்டோமேட்டிக் லா அங்கள். ஒரு பட்டன் அங்கள். முன்னெல்லாம் ஒரு டிரெய்னிங் பண்ண மூணு மாசம், இப்ப நான் மைலோ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரெடி. தலைய இப்படி சாய்ச்சுக்குவான், கோழி மழைக்கு ஒதுங்குன மாரி. பாத்தீங்களா, சிரிப்ப அடக்கறீங்க. ஆபீசுல பாத்திருக்கீங்க, தெரியுது.

மொதோ வீடியோவ ஒங்களுக்குக் காட்டியிருக்க மாட்டான். காலைல ஆளு எண்ற பெரட்டுக்களத்துல பெரிய டிவி வச்சு போட்டான். ஒரு பொம்பள வந்தா. பட்டு சேல, கழுத்து நெறைய நக, தல நெறைய மல்லிப்பூ. அந்தக் கோலத்துல கொழுந்து கிள்றா! பின்னால வரிசையா தென்னமரம். இந்தக் குளுருல, கேமரன் மலையில தென்னமரம், மிஸ்! கைய கிட்டக்க காட்டுறான், ஒரு கையில ஆறு வெரலு. இப்ப நெனச்சா நமக்கு ரெண்டு ஒதுக்கியிருக்கலாம். வாயத் தொறந்தா பாருங்க: அன்பார்ந்த பணியாளர்களே, தேயிலைத் தளிர்களை அறுவடை செய்யும் முன்னர் தங்கள் சாதனத்தைச் சமதளப் பரப்பில் நிறுவிக்கொள்ளவும். கல்யாணப் பத்திரிக மாரியே பேசறா. சமதளம்! இந்தத் தோட்டத்துல சமதளம்னா ரெண்டே எடந்தான். முருகன் கோயிலு வாசலு, இன்னொண்ணு மேனேஜரு துரையோட காடி நிறுத்தற எடம்.

சனங்க விழுந்து விழுந்து சிரிச்சுது. நேப்பாளி பசங்களுக்கு நேப்பாளில போட்டான், அவனுங்களும் சிரிக்கறானுங்க. நான் போயி கேட்டேன், ஏன் தம்பி, இத யாராச்சும் பாத்தாங்களா? மெஷின் புடிக்கறவன் ஒருத்தன், வேல வாங்கற மண்டோரு, யாராச்சும்? பாத்தாச்சு அங்கள், செக் பண்ணியாச்சுன்றான். யாரு பாத்தா? அந்த வீடியோவச் செஞ்ச அதே ஏஐயத்தான் பாக்கச் சொன்னானாம்! அது பாத்து, ரொம்ப சிறப்பா இருக்குன்னு சொல்லுச்சாம்! எப்படி இருக்கு பாருங்க. திருடன்கிட்டயே சாவியக் குடுத்து, வீட்ட நல்லா பூட்டியிருக்கியான்னு கேட்ட கத.

இன்னொண்ணு. அந்த வீடியோவ கடைசிவர ஓடவிட்டா போன்ல பச்சையா ஒரு டிக்கு விழும். டிக்கு விழுந்தா நீங்க கத்துக்கிட்டீங்க. அவ்ளோதான். போன சுவத்துல சாய்ச்சு வச்சுட்டு ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாலும் கத்துக்கிட்டீங்க. இவன் ஆபீசுல ஒக்காந்து டிக்க எண்ணிக்கிட்டு, நம்ம தோட்டத்துல அத்தன பேரும் பாஸு அங்கள்னு வாயெல்லாம் பல்லு. சமையல் படத்த பாத்தா வயிறு ரொம்புமா மிஸ்?

இருங்க இருங்க, வர்றேன்.

சனங்க சிரிக்குதுன்னு துரைக்குப் போயிடுச்சு. துரை இவனக் கூப்ட்டு என்ன சொன்னாரோ, மறுநாளு என் வீட்டு வாசல்ல நிக்கறான். கையில கியா பார்ம் ஸ்ட்ராபெரி ஒரு பொட்டி. ஸ்ட்ராபெரி வெளையற ஊருக்காரனுக்கு எவனாச்சும் அத வாங்கிக் குடுப்பானா? அப்பவே நான் உஷாராயிருக்கணும். அங்கள், ஒங்க குரலு வேணும்ன்றான்.

ஏன் என் குரலுன்னா, நான் கொஞ்சம் அந்த மாரி ஆளு மிஸ். திருவிழாவுல மைக்கு என் கையிலதான். பழைய துரை தமிழ் பேசறது, பூசாரி தும்மிக்கிட்டே மந்திரம் சொல்றது, லோரி ரிவர்ஸ் போறது, எல்லாம் பண்ணுவேன். நீங்க வரப்ப வாசல்ல நின்னு ஹலோ, யாரும் இருக்கீங்களான்னு கேட்டீங்க பாருங்க, அதக்கூட நீங்க போனப்புறம் புவனேஸுகிட்ட பண்ணிக் காட்டுவேன். கோச்சுக்காதீங்க. தினேஸ்வரன் சொல்றான், காளியண்ணன் அங்கள் சொன்னா சனங்க கேக்கும், தெரிஞ்ச குரல்னா சிரிக்காது, நம்பும்னு. அது நெசம். அதுல ஒண்ணும் பொய்யில்ல. நம்பத்தான் செஞ்சாங்க.

நான் என்ன நெனச்சேன்னா, இது பழைய கேசட்டு மாரி. நான் என்ன சொல்றனோ அதத்தான் அது திருப்பி சொல்லும்னு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது, சும்மா பேசறேன்னேன். போதும் அங்கள்னான். போன மூஞ்சிக்கு நேரா புடிச்சான். நான் பாட்டுக்கு மழ, வெயிலு, மாமியா, மெஷினு, எல்லாம் பேசுனேன். ஒரு வாரம் கழிச்சு போடறான் பாருங்க, நான் பேசறேன்! நான் சொல்லாததெல்லாம் பேசறேன்! முழங்கால மடக்கித் தூக்குங்க, கண்ணாடி போடுங்க, பெல்ட்ட இறுக்குங்க. என் இருமல் மொதக்கொண்டு இருக்கு. ஊரக் காப்பியடிக்கிறவன ஒருத்தன் காப்பியடிச்சிட்டான். அன்னிக்கி நான்தான் பெருசா சிரிச்சேன். புவனேஸு மட்டும் சிரிக்கல. நீ பேசறத நிறுத்துனாலும் இது நிறுத்தாது போலருக்கேன்னா.

சரி, மெஷினுக்கு வருவோம். நீங்க பாத்திருக்கீங்களா, ரெண்டு பேரு புடிக்கறது? நடுவுல தேயில நெர. அதுக்கு மேல மெஷினு, வில்லு மாரி வளஞ்ச கத்தி. மேல்பக்கம் ஒருத்தன், கீழ்பக்கம் ஒருத்தன், தூக்கிக்கிட்டே நடக்கணும். எஞ்சினு மேல்பக்கம், புனிதன்கிட்ட. நான் கீழ்ப்பக்கம். எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடிலருந்து நாங்க ரெண்டு பேருந்தான் ஜோடி. பொண்டாட்டியவிட அவன் மொகத்தத்தான் அதிகமா பாத்திருக்கேன். அதுலயும் பாதி நாளு பனியில மொகம் தெரியாது.

ஈரத்துல குச்சியும் எலையும் கத்தியில சிக்கும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கீழ்ப்பக்கத்து ஆளு கைய விட்டு எடுக்கணும். அதுக்கு ஒரு மொறை இருக்கு. எந்தப் பொஸ்தகத்துலயும் இருக்காது. கைய உள்ள வச்சவன் மட்டுந்தான் சத்தம் குடுக்கணும். மண்டோரு சொன்னாலும் கிடையாது, துரையே வந்து நின்னு கத்துனாலும் கிடையாது. அவன் கைய வெளிய எடுத்துட்டு, போலாம்டான்னு சத்தம் குடுப்பான். அப்பதான் மேல இருக்கறவன் எஞ்சின கெளப்பற கயித்த இளுப்பான். பனியில ஆளு தெரியாதுல்ல? குரலுதான் கண்ணு. இந்தக் கம்பெனியோட எல்லாத் தோட்டத்துலயும் இதே மொறதான், இதே சத்தந்தான். இதுல புனிதன் எப்படித் தெரியுமா? நான் கையெடுத்துட்டு தமாசுக்கு பூசாரி குரல்ல போலாம்டான்னா இளுக்க மாட்டான். டேய், ஒன் குரல்ல சொல்லுடாம்பான். என் குரல்ல வந்தாத்தான் இளுப்பான். அப்பேர்ப்பட்டவன்.

தினேஸ்வரனுக்கு இது தெரியாது. அவன் கேக்கல, ஏஐயும் கேக்கல. அது எப்படிக் கேக்கும்? இவனுக்கே தெரியாதத இவன் எப்படி அதுக்கு எழுதிக் குடுப்பான்? இவன் நாலு வரி எழுதுனானாம், மீதிய அது எழுதுச்சாம். சமதளத்துல ஓட்டற எவனையோ பாத்து எழுதியிருக்கு.

அன்னிக்கிக் காலைல சரியான பனி. பசியாறிட்டு வந்தோம். புதுசா ஒரு சட்டம், தெரியுமில்ல? ஒவ்வொரு தடவ ஓய்வு முடிஞ்சாலும், மெஷின தூக்கறதுக்கு முன்னாடி அவன் அவன் நெரையில நின்னு வீடியோவ ஒருக்கா ஓடவிடணும். டிக்கு விழணும். நாங்க போட்டு முடிச்சிட்டோம். கத்தியில பழைய குச்சி சிக்கியிருந்துச்சு. எஞ்சினு ஆஃபுதான். எழுதிக்குங்க, ஆஃபு. குளுருல டக்குனு புடிக்கணும்னு புனிதன் எப்பவும் எண்ணெய் விடற பிடிய பாதி தொறந்து வச்சிருப்பான், எஞ்சினு புடிச்சா ஒடனே கத்தியும் ஓடும், எல்லாரும் அப்படித்தான். நான் கைய உள்ள விட்டேன். அவன் கயித்த புடிச்சுக்கிட்டு காத்துக்கிட்டு இருக்கான்.

அப்புறம் கயித்த இளுத்தான்.

வேணாம் மிஸ், அத எல்லாம் கேக்காதீங்க. தேயில பச்சையா இருக்கும்னு மட்டுந்தான் எனக்கு அதுவரைக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரில மயக்கத்துல கெடக்கேன். ஆபீசுலருந்து வந்து கேக்கறாங்க, நீ சத்தம் குடுத்தியா? நான் வாயத் தொறக்கலன்னேன். நெசம், தொறக்கல. புனிதன் என்ன சொல்லியிருக்கான்? சத்தம் கேட்டுச்சு சார், அவன்தான் குடுத்தான், என் காதால கேட்டேன்னு. அடிச்சு சொல்றான், அழுதுகிட்டே சொல்றான். எல்லாரும் என்ன முடிவு பண்ணாங்க? புனிதன் பொய் சொல்றான். நானும்தான் மிஸ். அந்த வலியில அவங்கம்மா வரைக்கும் இளுத்து ஏசுனேன். பக்கத்து கட்டில்ல இருந்த சீன அப்பே, வயசான மனுசன், அவருக்குத் தமிழ்ல கெட்ட வார்த்த எல்லாம் அத்துப்படி ஆயிருக்கும்.

ரெண்டு நாளு கழிச்சு தினேஸ்வரன் வந்தான். ஆரஞ்சு வாங்கிக்கிட்டு. பாவம், வேல போயிடுமோன்னு பயம் அவனுக்கு. அங்கள், நாங்க எல்லாத்தயும் சொல்லித்தான குடுத்தோம், இதோ பாருங்க, வீடியோவுல இருக்கேன்னு தலமாட்டுல வச்சு ஓடவிட்டான். நான் கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன். கண்ணாடி போடுங்க. பெல்ட்ட இறுக்குங்க. எல்லாம் நான்தான். கடைசில வருது பாருங்க, தினமும் கேட்டுக் காதுல ஏறாம போனது, வீடியோ முடியற எடத்துல, நல்லா கணீர்னு, என் குரல்ல.

போலாம்டா!

ரொம்ப கேச்சி, சனங்க மனசுல ஒட்டிக்கும்னு கடைசில போட்டானாம். அன்னிக்கிப் பேசறப்ப வாய் தவறி சொல்லியிருக்கேன், அதப் புடிச்சு வச்சுக்கிட்டான்.

அன்னிக்கிக் கீழ் நெரையில நேப்பாளி பசங்க நாங்க முடிச்சப்புறந்தான் அவனுங்க வீடியோவ போட்டானுங்க, தமிழ்ல. அந்தக் குரலுதான் தமாசா இருக்குன்னு எப்பவும் அதத்தான் போடுவானுங்க. ஆஸ்பத்திரில அதக் கேட்டப்பதான் ஞாபகம் வந்துச்சு, அன்னிக்கி எனக்கும் கேட்டுச்சு மிஸ். இப்ப சொன்னா நம்புவீங்களா? கை உள்ள இருக்கு, எனக்குப் பின்னாலருந்து நானே போலாம்டாங்கறேன். அடடே, நான் சொல்லலியேன்னு திரும்பறேன், அவ்ளோதான்.

தினேஸ்வரன்கிட்ட அங்கயே சொன்னேன். அங்கள், மருந்து மயக்கம், தூங்குங்கன்னான்.

எழுதிக்குங்க. சத்தம் வந்துச்சு. புனிதன் பொய் சொல்லல. என் குரலு கேட்டாத்தான் இளுப்பான், என் குரலு கேட்டுச்சு, இளுத்தான். நான் வாயத் தொறக்கல, அதுவும் பொய்யில்ல. இதுக்கு ஒங்க ரிப்போட்டு பாரத்துல கட்டம் இருக்காது, எனக்குத் தெரியும். ஓரத்துல எழுதுங்க.

அப்புறம், நீங்க இன்னிக்கே துரையப் பாப்பீங்கள்ல? இதையும் சொல்லிடுங்க. அந்த வீடியோ நல்லாருக்குன்னு மத்த தோட்டத்துக்கெல்லாம் அனுப்பிட்டாங்களாம். தினம் காலைல பெரட்டுக்கும், ஓய்வு முடிஞ்சு நெரையிலயும் ஓடுதாம். நாளைக்கும் ஓடும். நான் இங்க கட்டோட ஒக்காந்து ஒங்ககூட பேசிக்கிட்டு இருப்பேன். எங்கயோ ஒரு மலையில எவனோ ஒருத்தன் கைய உள்ள விட்டுக்கிட்டு நிப்பான். அங்கயும் நான் போலாம்டாம்பேன்.