ஐம்பத்திரண்டாம் அத்தியாயம்

சின்ன வெங்காயம் எவ்வளவு உரித்தாலும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராது, மேடம். செட்டிகுளத்தில் எங்கள் வீட்டு வெள்ளாமையே வெங்காயம்தான். மூட்டை மூட்டையாக உரித்துப் பழகிய கை இது. தங்கை லாவண்யா நாலு வெங்காயம் உரிப்பதற்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துவிடுவாள். அவள் பங்கையும் நானே உரித்துவிட்டு, ரெண்டு பேரும் சேர்ந்துதான் உரித்தோம் என்று அம்மாவிடம் சொல்வேன். அவளுக்காக நான் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாவு வீட்டில் நான் அழவில்லை என்று ஊரே பேசுகிறது. உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அழுகை வருவதும் வராததும் உடம்பு வாகு. அதை வைத்து ஒருத்தியை எடை போடக் கூடாது.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. லாவண்யா செத்துப்போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. பதினொரு நிமிடம். என்ன பேசினீங்க என்று கேட்டீர்கள். சாட்சி என்றுதான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அடித்தது நான்தான் என்று அவள் புருஷன் ராஜராஜனே ஒத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. நான் முழுசாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான் நாவல் எழுதுகிறேன். பெரம்பலூரில் என் தெருவில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஆனால் போனில் கதை படிக்கிற பெண்களிடம் ஹேமலதா நல்லுசாமி என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அப்பா பெயரைச் சேர்த்துக்கொண்டேன். செயலியில் தொடர்கதை, திங்களும் வியாழனும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஓர் அத்தியாயம். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் படித்துவிடலாம். இதெல்லாம் ஒரு எழுத்தா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். நாள் பூராவும் நாய் மாதிரி உழைத்தவளுக்குக் கால்மணி நேரம் ஆறுதல் கொடுக்கிறது என் எழுத்து. அதைச் செய்யாத இலக்கியத்தை எந்த அலமாரியில் வைத்தால் என்ன?

எங்கள் வகைக் கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. துப்பறியும் கதையில் கொலைகாரன் அகப்பட்டாக வேண்டும். பேய்க் கதையில் பேய் அடங்கியாக வேண்டும். எங்கள் கதையில் புருஷன் திருந்தியாக வேண்டும். முதல் அத்தியாயத்தில் கன்னத்தில் அறைவான், கடைசியில் காலில் விழுவான். நடுவில் உள்ளதையெல்லாம் நாயகி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லாவண்யாவைத் தா.பழூர் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ராஜராஜனுக்கு இரண்டு டிப்பர் லாரி, சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றுவான். கல்யாணமான மூன்றாம் மாதமே கை நீட்டிவிட்டான். அவன் லாரிப் பக்கம் போனதும் எனக்குப் போன் செய்வாள், அழுவாள். அழுகையோடு சொன்னால் ஒன்றும் விளங்காது. அதனால் நான் கேள்வி கேட்பேன்.

“எதால அடிச்சாரு?”

“தோசைக்கரண்டியாலக்கா.”

“சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப என்ன புடவை கட்டியிருந்த?”

“அது எதுக்குக்கா?”

“சும்மா சொல்லுடி. எல்லாம் தெரிஞ்சாத்தானே அக்காவுக்கு மனசு ஆறும்.”

பச்சைப் புடவை. நோட்டில் குறித்துக்கொண்டேன். அடுத்த வியாழக்கிழமை என் நாயகி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கண்ணு முன்னாடி நடக்குற மாதிரியே இருக்குக்கா என்று வாசகிகள் எழுதினார்கள்.

லாவண்யாதான் என் முதல் வாசகி, பள்ளிக்கூட நோட்டில் எழுதிய காலத்திலிருந்து. அவளுக்குத் தெரியாமல் போகுமா? மறுநாள் போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா, அது நாந்தானே?”

“ஆமாடி.”

“என்னையப் போய் அவ்ளோ அழகா எழுதியிருக்கியேக்கா.”

சிரித்தாள், மேடம். அடி வாங்கிய உதட்டோடு சிரித்திருப்பாள், எனக்குத்தான் கண்ணில் படவில்லை. அதற்குப் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். போனை வைக்கும்போது, “கதைல அடுத்து அவ என்ன பண்ணப் போறா?” என்று தவறாமல் கேட்பாள். அவளுக்கு ஒரு பிடிப்பு கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கதையில் யாரும் காரணமில்லாமல் அடிக்கக் கூடாது. அதனால் நாயகனுக்கு ஒரு காயம் வைத்தேன். சின்ன வயதில் அவன் அம்மா அவனை விட்டுவிட்டுப் போய்விட்டாள். ராஜராஜனின் அம்மா பாப்பாயி கல்லுக்குண்டு மாதிரி அதே வீட்டில் இருக்கிறாள். ஆனால் லாவண்யா என் கதையைத்தான் நம்பினாள். ஒருநாள் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, அவரு சின்னப் புள்ளையில ஏதாச்சும் கஷ்டப்பட்டாரா?” என்று பதமாகக் கேட்டிருக்கிறாள். பாப்பாயி விழுந்து விழுந்து சிரித்து, மகன் வந்ததும் அவனிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு வாங்கிய அடியையும் லாவண்யாவே எனக்குச் சொன்னாள்.

“அவருக்கு அது இல்ல போலக்கா. உள்ள வேற ஏதோ இருக்கு. நீ யோசிச்சுக் கண்டுபிடி.”

கண்டுபிடிக்கிறேன் என்றேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பங்குனி உத்திரத்துக்குச் செட்டிகுளம் வந்திருந்தாள். மலைக்கோயிலுக்குப் போய்வந்து, சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க இரண்டு பேரும் உட்கார்ந்தோம். இடது கை விரல்கள் மடங்கவில்லை அவளுக்கு. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா வீராயி நம்பினாளோ, நம்புகிற மாதிரி இருந்தாளோ, தெரியாது. நான் அவள் பங்கையும் உரித்தேன்.

பெரம்பலூர் திரும்பியதும் ஐம்பத்திரண்டாம் அத்தியாயத்தை எழுதினேன். அதில் நாயகி இரண்டு புடவையையும் சர்ட்டிபிகேட்டையும் பையில் வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாத நேரம் பார்த்துப் பஸ் ஏறி, அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். என் தங்கை பிழைக்கட்டும் என்றுதான் எழுதினேன், இதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். வந்துவிடு என்று நேரிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் சொன்னால் அது அக்கா சொன்னது. கதையில் வந்தால் அவளே செய்தது மாதிரி. அவளுக்குத் துணிச்சல் அப்படித்தான் வரும்.

வியாழக்கிழமை ஏழு மணிக்குப் போட்டேன். எட்டு மணிக்குள் வாசகிகள் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இத்தனை நாள் படிச்சது இதுக்குத்தானா என்று ஒருத்தி. இனிமே உங்க கதையே வேண்டாம் என்று இன்னொருத்தி. லப்பைக்குடிக்காட்டு ஷஹானா என்று ஒரு பெண், முதல் அத்தியாயத்திலிருந்து கூட வருகிறவள். புருஷன் துபாயில். அவள் குரல் பதிவு அனுப்பினாள்: “ஹேமாக்கா, அல்லாஹ்வுக்காகப் பிரிச்சிடாதீங்க. எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாம் கடல் தாண்டிக் கெடக்காங்க. கதையிலயாச்சும் சேர்ந்து இருக்கட்டும்.” அந்தப் பிள்ளை அழுதது. என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த அத்தியாயத்தை மாற்றினேன். நாயகி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகிறாள். நாயகன் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் அழுகிறான். அவள் பையோடு வீட்டுக்குத் திரும்புகிறாள். இப்படியெல்லாம் நடக்குமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கீழே ஒரு குறிப்பும் போட்டேன்: ‘இது உண்மைக் கதை. நிஜ நாயகனும் நாயகியும் இன்று சேர்ந்து நலமாக வாழ்கிறார்கள்.’ பத்து மணிக்கெல்லாம் வாழ்த்து மழை. மனசு நிறைந்து, ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது.

“அக்கா, அரியலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.”

“அங்க எதுக்குடி வந்த?”

“நேத்து சாயந்தரம் படிச்சேன்ல. அவ மாதிரியே ரெண்டு புடவையும் சர்ட்டிபிகேட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். பெரம்பலூர் பஸ் நிக்குது. ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தைரியத்துக்கு இன்னொருதரம் படிப்போம்னு தொறந்தேன். வேற மாதிரி இருக்குக்கா.”

“மாத்திட்டேன்.”

“அப்ப அவ போகலையா?”

“போகல. அவன் வந்து அழுதான். திரும்பிட்டா.”

“இவரு அழ மாட்டாருக்கா.”

கண்டக்டர் பெரம்பலூர், பெரம்பலூர் என்று கத்துவது கேட்டது. அவள் அந்தப் பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் என் வாசலில் நின்றிருப்பாள்.

“கீழ போட்டிருக்கியே, நெசத்துலயும் சேர்ந்து இருக்காங்கன்னு. அது எங்களையாக்கா?”

“ஆமா.”

“நாங்க நல்லா இருப்போமாக்கா?”

மீதி நிமிடங்களில் நான் சொன்னதையெல்லாம் உங்களிடம் அப்படியே ஒப்பிக்க முடியும், மேடம். அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஊர் என்ன பேசும், என் வீட்டுக்காரர் என்ன நினைப்பார். ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். எல்லாமே அந்த நிமிடத்தில் நான் தேடிப் பிடித்தவை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. என் வீட்டுக்காரர், கூட்டிட்டு வந்துடு என்று எத்தனையோ தடவை சொன்னவர். என் மனசில் இருந்தது ஒன்றுதான். அவள் பஸ் ஏறினால் என் குறிப்பு பொய்யாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அத்தனை பேருக்கும் சத்தியம் பண்ணாத குறையாக எழுதியிருக்கிறேன்.

“இருப்பீங்கடி. அவரு மத்தியானம் சாப்பிட வர்றதுக்குள்ள போய்ச் சேரு. இன்னும் ரெண்டு அத்தியாயந்தான் பாக்கி.”

“சரிக்கா,” என்றாள். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

திரும்பிப் போகிற பஸ்ஸில் அவள் அந்த அத்தியாயத்தின் கீழ் ஒரு வரி எழுதினாள். பன்னிரண்டு பத்துக்கு. ‘ஹேமாக்கா எழுதுனா சரியாத்தான் இருக்கும்.’ நான் உடனே அதற்கு ஓர் இதயம் போட்டேன். ராஜராஜன் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டானாம். அவள் கையில் பையைப் பார்த்திருக்கிறான். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ஆம்புலன்சில் உயிர் போய்விட்டது. அந்தப் பை உங்களிடம்தான் இருக்கிறது. திறந்து பாருங்கள், இரண்டு புடவையில் ஒன்று பச்சை.

அவள் தலையில் அடித்தது அவன்தான். அவன் திருந்த மாட்டான் என்பது அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாகத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் அவளைத் திருப்பி அனுப்பினேன். என் பெயரை அவன் பெயருக்கு முன்னால் எழுதுங்கள்.

அந்தக் குறிப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எடுக்க மனசு வரவில்லை. அதற்குக் கீழேதான் லாவண்யாவின் கடைசி வரி இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடைசி அத்தியாயத்தைப் போட்டேன். பாதியில் நிறுத்தினால் அவளுக்குப் பிடிக்காது. அதில் அவள் நன்றாக இருக்கிறாள், மேடம். அவன் அவளுக்குத் தலை வாரிவிடுகிறான். பெண் குழந்தை பிறக்கிறது. அக்காதான் எனக்கு வாழ்க்கை கொடுத்தவள் என்று சொல்லி, குழந்தைக்கு அக்கா பெயரையே வைக்கிறாள். அந்த இடத்தில் எல்லோரும் அழுதுவிட்டோம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதை எழுதும்போதுதான் கண்ணில் தண்ணீர் வந்தது.