முதுகில் ஷர்மினி

புதிதாகப் பச்சை குத்திய இடத்தைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும், சார். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பொருக்கு கட்டினால் தானாக விழும்வரை விட்டுவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொன்னார் வக்கீல். தெரியும். பச்சை குத்தியவரே போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

பவித்ரன் என் தங்கை ஷர்மினியின் கணவன், லாரி ஓட்டுபவன். சுங்காயில் அவர்கள் குடியிருந்த வீட்டு மாடிப்படியில் விழுந்து அவள் செத்தாள். கால் வழுக்கிவிட்டது என்றான். எல்லோரும் நம்பினார்கள், உங்கள் போலீஸ் ஆட்களும்தான்.

கருமாதி முடிந்த கையோடு நான் இருக்கும் சிம்பாங் பூலாய்க்கு வந்துவிட்டான். கல் உடைக்கும் மலையில் லாரி வேலை கிடைத்தது. என் வீட்டுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தான். நான் ஒண்டி ஆள். ஈப்போவில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை. ஒருநாள் சாயங்காலம் சட்டையில்லாமல் வந்து நின்றான். முதுகு முழுக்க ஷர்மினியின் முகம். மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது.

“கை எட்ட மாட்டேங்குதுக்கா. நீங்கதான் கழுவி மருந்து போட்டு விடணும். எனக்கு வேற யாரு இருக்கா லா?”

உட்கார வைத்துப் பிளாஸ்டிக்கை உரித்தேன். நல்ல வேலைப்பாடு, சார், குறை சொல்ல முடியாது. போட்டோவில் இருந்ததை அப்படியே குத்தியிருந்தார். இடது புருவத்தைப் பிளந்திருந்த தழும்பைக்கூட விடவில்லை. அது பவித்ரன் ஹெல்மெட்டால் அடித்த தழும்பு. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. முதுகைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருந்தான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று ஊரே எழுதியிருந்தது.

முதல் நாள் ஒழுங்காகத்தான் கழுவினேன். மறுநாளிலிருந்து மீன் கழுவிய தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். நாற்றம் தெரியாமலிருக்கத் தைலம் தடவி, பிளாஸ்டிக்கை இறுக்கிச் சுற்றினேன். பொருக்கை நகத்தால் மெதுவாகக் கிளப்பினேன். அவனுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி உண்டு. புண் வந்தால் லேசில் ஆறாது.

“வலிக்குதுக்கா.”

“ஆறுறப்ப அப்படித்தான் இருக்கும், தம்பி.”

படம் எடுத்துக் காட்டச் சொல்வான். முதல் நாள் எடுத்த படத்தையே ஒவ்வொரு தடவையும் காட்டினேன். பார்த்துச் சந்தோஷப்படுவான்.

காய்ச்சல் வந்ததும், “கிளினிக் போலாமாக்கா?” என்று கேட்டான்.

“போனா அந்த இடத்தையே வெட்டி எடுத்துடுவாங்க. ஷர்மி முகம் போயிடும். உனக்குப் பரவால்லையா?”

போகவில்லை. மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அவனுக்கு அவள்மேல் பாசமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் அவள் பேரைச் சொல்லி அழுதான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“படியில வச்சுத் தள்ளிட்டேங்க்கா. கோவத்துல தள்ளிட்டேன்.”

அப்போதே உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். நான் அவனைக் குப்புறப் படுக்க வைத்து, மறுபடியும் துணியை நனைத்தேன். அதற்குள் அவள் கண்ணும் வாயும் சீழில் கரைந்திருந்தன. கூடப் பிறந்தவள் முகம்தான். ஆனாலும் என் கை நிற்கவில்லை.

அவனுக்குப் பேச்சு நின்ற பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ரத்தம் முழுக்க விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். இரண்டு நாள் கிடந்து செத்தான். நான்தான் கொன்றேன், சார். தெரிந்தே, நிதானமாகக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஷர்மினிக்காகக் கேட்க என்னை விட்டால் ஆளில்லை.

உயிரோடு இருந்தபோது அவள் என்னிடம் உதவி கேட்டாளா என்கிறீர்கள். சாவதற்கு முந்தின வாரம் ஒரு பையோடு பஸ் ஏறி வந்தாள். “கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கிறேங்க்கா” என்றாள். சோறு போட்டேன். குடும்பம் என்றால் முன்னே பின்னே இருக்கும், அனுசரித்துப் போ என்று புத்தி சொன்னேன். பவித்ரனுக்கு நானே போன் போட்டு, வந்து கூட்டிப் போகச் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை, சார். அதை மட்டும் எழுத வேண்டாம்.