ஃபில்டரிலிருந்து வருவதுதான்

ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் சார். பலர் செய்வதில்லை. நான் செய்தேன். என் பேத்தி கைக்குழந்தையாக வீட்டில் இருந்தாள். அவள் விஷயத்தில் ஏனோதானோ என்று இருக்க முடியுமா?

கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று வந்தது. பெரியவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, பால்குடிக் குழந்தைக்கு ஆகாது, கொதிக்க வைத்தாலும் போகாது என்றார் சோதனைக்கூடத்துக்காரர். கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒரு ஆர்.ஓ. வாங்கினேன்.

மாட்டிக்கொடுத்த மெக்கானிக் இரண்டாவது குழாயைக் காட்டினார். "இதுல வர்றது கழிவு சார். வடிகட்டி ஒதுக்குனதெல்லாம் இதுலதான் இறங்கும். தரை துடைக்கலாம், வாயில வைக்கக்கூடாது."

நல்ல தண்ணீரைவிடக் கழிவுதான் அதிகம் கொட்டியது. கிணறோ வற்றிக்கொண்டிருந்தது. அவர் போனதும் அந்தக் குழாயைக் கீழ்வீட்டுத் தொட்டிக்குள் விட்டேன். அங்கே குடியிருந்தது தையல்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான்.

பிறகு அவர்களுக்கும் ஒரு பெண் பிறந்தாள். தாய்ப்பால் போதவில்லை. தையல்காரர் மனைவி பால்பவுடர் டப்பாவோடு மாடியேறி வந்தாள்.

"கீழ வர்ற தண்ணியில பாப்பாவுக்குப் பால் கலக்கலாமாண்ணே? இல்ல, உங்க ஃபில்டர்ல பிடிச்சுக்கட்டுமா?"

என் மனைவி பக்கத்தில் நின்றாள். ஆகாது என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். கூச்சம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"கீழ வர்றதும் ஃபில்டர்லேர்ந்து வர்றதுதாம்மா," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"நல்லா இருங்கண்ணே," என்று இறங்கிப் போனாள்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தபோது என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலிலேயே கேட்டார்: "கிணத்துத் தண்ணியா குடுக்கிறீங்க?"

"இல்ல டாக்டர், ஃபில்டர் தண்ணி. அண்ணனைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மை தொண்டைவரை வந்தது. அத்தனை பேர் முன்னால் எந்த முகத்தோடு சொல்வது? தலையாட்டினேன். டாக்டர் தண்ணீரை விட்டுவிட்டு இதயத்தில் கோளாறு தேட ஆரம்பித்தார். நைட்ரேட்டால் வரும் நீலத்துக்கான மருந்து பக்கத்து அறையிலேயே இருந்ததாம். பிறகுதான் தெரிந்தது.

குழந்தையைத் துணியில் சுற்றி அவர்கள் கொண்டுவருவதற்குள் வீட்டுக்கு வந்து அந்தக் குழாயைப் பிடுங்கினேன். சும்மா இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. தடயத்தை மறைத்தேன் என்று எழுதாதீர்கள் சார். அவளுக்கு இன்னொரு குழந்தை பிறக்கலாம் அல்லவா? அதற்கு அந்தத் தண்ணீர் ஆகாது.