மேல்மாடிக் கைப்பிடி

மேல்மாடி எப்போதும் கீழ்மாடியைவிடச் சூடாகத்தான் இருக்கும். அது யார் குற்றமும் இல்லை. சூடு மேலே போகும், குளிர்ச்சி கீழே இறங்கும். பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். இதை முதலில் எழுதுகிறேன் சார், இது புரிந்தால் மீதி சுலபம். நன்றாகப் பெங்காலி பேசுகிறீர்களே, பெங்காலியிலேயே சொல்லுங்கள் என்றீர்கள். மீன் வண்டிக்காரனைத் தெருமுனைக்குத் தள்ளிப்போகச் சொல்ல எனக்கு அந்தப் பெங்காலி போதும். இதைத் தமிழில்தான் எழுத வருகிறது. மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தாவில், பவானிபூரில் எங்கள் வீடு. தரைத்தளத்தில் ஹோமியோபதி மருந்துக்கடை. முதல் மாடியில் நானும் என் பெண் ஹர்ஷினியும். அவளுக்குப் பதினொரு வயது. இரண்டாம் மாடியில் என் கணவரின் அண்ணா லக்ஷ்மிநாராயணன். எழுபத்து நான்கு வயது, வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் கணவர் போன பிறகு எங்களை ஒரு நாளும் வேற்று மனுஷர்களாக நடத்தியதில்லை. நல்லவர். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஹர்ஷினிக்கு வேர்க்காது. பிறவியிலேயே வேர்வைச் சுரப்பி இல்லை. கேட்பவர்கள் "கொடுத்துவெச்சவ" என்று சிரிப்பார்கள். வேர்க்காத உடம்பு தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளாது சார். போன வருஷம் மே மாதம் பள்ளி வேனிலேயே வலிப்பு வந்தது. ஈரத்துண்டைச் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு காளிகாட் சிக்னலில் டாக்ஸிக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிவப்பு விளக்கு மாறுவதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததே பெரிது. இன்னொரு தரம் வந்தால் பிழைப்பாள் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வீட்டுக்குக் குளிர்சாதனம் ஒன்றுதான். மொட்டை மாடியில் பழைய மெஷின், அதிலிருந்து தகரக் குழாய் வழியாக இரண்டு மாடிக்கும் காற்று வரும். எங்கள் வாசலை ஒட்டிய படித் திருப்பத்தில் இரண்டு கைப்பிடிகள் உண்டு. திருப்பினால் குழாய்க்குள் ஒரு தகடு திறக்கும், மூடும். இன்னொரு மெஷின் போட வீட்டின் பழைய வயரிங் தாங்காது என்று மெக்கானிக் ஃபிராங்க்ளின் கையை விரித்துவிட்டார்.

"சமமா குளிரணும்னா சமமா தொறக்கக் கூடாதுக்கா," என்றார். "மேல கூரை காயுது. மேல முழுசா தொறங்க, உங்களுது பாதி போதும்." சாக்பீஸால் கோடும் போட்டுவிட்டுப் போனார்.

அண்ணாவுக்கு விதி என்றால் விதிதான். வருஷா வருஷம் பொய்லா பைசாக், அதாவது வங்காளி வருஷப் பிறப்பு அன்று ஸ்நானம் செய்த கையோடு இறங்கி வந்து, கைப்பிடிகளைக் கோட்டில் நிறுத்துவார். பிறகு என்னை இரண்டு மாடியிலும் தெர்மாமீட்டர் பார்த்துச் சொல்லச் சொல்வார்.

"பாத்தியா வல்லி, கீழயும் முப்பது, மேலயும் முப்பது. ஒருத்தருக்கும் குறை கெடையாது."

முப்பது அவருக்குச் சுகம். என் பெண்ணுக்கு இருபத்து நான்கு வேண்டும். நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன், கோடை மட்டும் கீழே எங்களோடு வந்து இருந்துவிடுங்கள், மேல்மாடியை அடைத்துவிடலாம் என்று.

"பெருமாளைத் தனியா விட்டுட்டா? அவருக்கு மேல ஆள் நடமாடப்படாது, அதனால அவரைக் கீழ எழுந்தருளப் பண்ண முடியாது. அவர் இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை? குழந்தைக்கு ஈரத்துணி மாத்திண்டே இரு. பகவான் பாத்துப்பார்."

பகவான் பார்த்துக்கொண்டதை ஒரு வருஷம் நானும் பார்த்தேன். துணி மாற்றி மாற்றி என் விரலெல்லாம் வெந்துபோயிற்று.

இந்த வைகாசியில் நாற்பத்தொன்றைத் தாண்டும் என்றார்கள். ஹர்ஷினியை ஒரு வாரத்துக்கு என் தங்கை ராஜலக்ஷ்மியின் சால்ட் லேக் பிளாட்டுக்கு அனுப்பினேன். வீட்டில் குழந்தை இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அண்ணாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. தினம் காலையில் பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொல்வது நான்தான். ஏகாதசியன்று அவர் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டார், மறுநாள் துவாதசியில் பாரணை செய்து விரதத்தை முடிக்கிற வரைக்கும். இந்தத் தடவை ஏகாதசி இரண்டு நாளாக விழுந்திருந்தது, முதல் நாள் ஸ்மார்த்தர்களுக்கு, மறுநாள் எங்களைப் போன்ற வைஷ்ணவர்களுக்கு. அப்படி விழுவது உண்டு. முதல் நாள் காலையில் படியில் நின்று, "அண்ணா, இன்னிக்கு ஏகாதசி," என்றேன். பொய் இல்லை. பஞ்சாங்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

அவர் பூஜைக்கு உட்கார்ந்ததும் மேல்மாடிக் கைப்பிடியை முழுக்கத் திருப்பி மூடினேன். எங்களுடையதை முழுக்கத் திறந்தேன். ஹர்ஷினி இல்லாத எங்கள் அறை எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது என்கிறீர்கள்.

மத்தியானம் அவர் குரல் இறங்கி வந்தது. "வல்லி, மெஷின் ஓடறதோ? காத்தே காணுமே."

"ஓடறது அண்ணா. இருக்கிற குளிர்ச்சி போயிடும், ஜன்னலைத் தொறந்துடாதேங்கோ."

சரி என்றார். நான் எதைச் சொன்னாலும் சரி என்பவர்.

மறுநாள் காலையில் பாரணைக்கு நேரமாயிற்றா என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை சரியாக வரவில்லை. தப்பாகப் பார்த்துவிட்டேன், நேற்றைக்கு ஸ்மார்த்தர்களுக்கு, நமக்கு இன்றைக்குத்தான் என்றேன். இதுவும் பொய் இல்லை.

"அதனாலென்ன," என்றார். "நீ வேணும்னேவா பண்ணே? பெருமாள் இன்னொரு நாள் கேக்கறார், அவ்வளவுதான்."

அவர் உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அழுதுகொண்டேதான் இருந்தேன், கைப்பிடியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போதே பாரணைக்குச் சமைத்தேன். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, எதிலும் குறை வைக்கவில்லை. இலையோடு மேலே போனேன். பெருமாள் சந்நிதிக்கு முன்னால் வெறும் தரையில் கிடந்தார். அறை அடுப்படி போல இருந்தது. ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. வந்த டாக்டர் வயசைக் கேட்டுக்கொண்டு மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்.

ஆக, நீங்கள் யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. இந்த அலிப்பூர் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நானாகத்தான் வந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணா ஹர்ஷினிக்குப் போன் செய்திருக்கிறார். இன்றைக்கும் விரதமாம், உன் அம்மா பஞ்சாங்கத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே என்று சிரித்தாராம். குழந்தை கெட்டிக்காரி. தங்கை வீட்டிலிருந்து வர மாட்டேன் என்று விட்டாள். பத்து நாள் என் போனை எடுக்கவில்லை. பதினோராம் நாள் எடுத்தாள். "பெரியப்பாவை நீ என்ன பண்ணேன்னு போலீஸ்ல சொல்லு. அப்பறம் வரேன்," என்றாள்.

சொல்லிவிட்டேன். தண்ணீர் இல்லாமல், காற்று இல்லாமல், இரண்டு நாள் வைத்து அவரைக் கொன்றேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், சீக்கிரம் போக வேண்டும். மெஷினை அணைக்காமல் வந்திருக்கிறேன். ஹர்ஷினி வரும்போது அறை இருபத்து நான்கில் இருக்க வேண்டும்.